சப்பாத்துக் கடையில் நான் கேட்ட கேள்வி

1987 ஜனவரி 17, சனிக்கிழமை, காலை பத்து இருபது. பூச்சியத்துக்குக் கீழே பதினான்கு பாகை; வெயிலும் இருந்தது, காற்றும் இருந்தது. அந்த நேரத்தில் நான் ரொறொன்ரோவில் ஒரு விளையாட்டுப் பொருட்கடையின் வாங்கில், பனியில் சறுக்குகிற ஸ்கீ சப்பாத்து வாங்குவதற்காக உட்கார்ந்திருந்தேன். எனக்கு வயது அறுபத்திரண்டு.

அந்த வயதில் சறுக்கப் போனதைப் பற்றி என் மகள் வேண்டிய அளவு சொல்லிவிட்டாள். அந்த வெட்கம் எனக்கு எப்போதோ போய்விட்டது. நான் எழுதவேண்டியது வேறு.

அஜின்கோர்ட்டில் மகள் வீட்டில் அது எனக்கு மூன்றாவது பனிமாரி. முதல் இரண்டு மாரியும் யன்னலோரம் இருந்து, போகிற வருகிற கார்களை எண்ணியே கழிந்தன. சமூக நிலையத்தில் அறுபது தாண்டியவர்களுக்கு எட்டுச் செவ்வாய்க்கிழமை ஸ்கீ வகுப்பு, பஸ்ஸும் அவர்களே விடுவார்கள் என்று அறிவித்தல் ஒட்டியிருந்தது. பெயரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

"விழுந்து இடுப்பை முறிச்சியள் எண்டா ஆர் பாக்கிறது? நானும் வேலை, அவரும் வேலை," என்றாள் மகள். "உங்கட வயசு ஆக்கள் வீட்டில இருந்து தேவாரம் படிக்கினம்."

"நானும் படிக்கிறன்தானே. அது பின்னேரம்."

முதல் செவ்வாய் பதினான்கு தரம் விழுந்தேன். அடுத்த செவ்வாய் பதினொரு தரம். வகுப்பில் தந்த இரவல் சப்பாத்துக்குள் என் குதிக்கால் மேலே எழும்பிக்கொண்டிருந்தது. கால் திரும்பினாலும் சப்பாத்து திரும்பவில்லை. பழக்கித் தந்த பெண் அதைக் கவனித்து, முறையாக அளவெடுத்து ஒரு சோடி வாங்கும்படி சொல்லிக் கடையின் பெயரை எழுதித் தந்தாள்.

அளவெடுக்க வந்தவர் தமிழர். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். என் முகத்தைப் பார்த்ததும் ஆங்கிலத்தைப் பாதியில் விட்டுவிட்டார்.

"அங்கிள் தமிழோ? அட கடவுளே! ஸ்கீ சப்பாத்துக்கு வந்த முதல் தமிழ் ஆள் நீங்கள்தான். எங்கட ஆக்கள் பனியைக் கண்டால் கதவைப் பூட்டிப்போட்டு உள்ளுக்கல்லோ இருக்கினம்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த வேலை எங்கே பழகினீர் என்று கேட்டேன். ஊரிலிருந்து இங்கே வருகிற வழியில் இரண்டு வருஷம் சுவிசில், ஒரு மலையடிவாரக் கடையில் பழகியதாகச் சொன்னார். பிறகு என் கால்களைப் பார்த்தார். இரண்டு சோடி கம்பளிக் காலுறை போட்டிருந்தேன்.

"உதுகளைக் கழட்டுங்கோ. ஒரு மெல்லிய சொக்ஸ்தான் போடவேணும்."

"குளிராதோ?"

"கால் ஆடினால்தான் குளிரும். இறுக்கிப் பிடிச்சிருந்தால் குளிராது."

வெறுங்காலோடு ஒரு இரும்புத் தட்டில் என்னை நிற்கவைத்து அளந்தார். இடது இருபத்தாறு சென்ரிமீற்றர், வலது இருபத்தைந்தரை. நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் மற்றவர்களுடைய காணியை அளந்த எனக்கு என் கால்கள் இரண்டும் ஒரே நீளமில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. பிறகு முழங்காலில் நின்று என் வலது காலை உள்ளங்கையில் வாங்கி, கணுக்கால் எலும்பைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். அப்போதுதான் கேட்டேன்.

"தம்பி எவ்விடம்?"

"மல்வேர்ன், அங்கிள்."

"இஞ்சை இல்லை. அங்கை, ஊரில."

ஊரின் பெயரைச் சொன்னார். அது நான் சங்கிலி பிடித்து அளந்த ஊர். கோயில், குளம், ஒழுங்கைகள் எல்லாம் என் தலைக்குள் படமாக இருந்தன. கோயிலின் எந்தப் பக்கத்தில் எந்தச் சாதியார் இருந்தார்கள் என்பதும் இருந்தது.

"அதில எவ்விடம்? கோயிலுக்குக் கிழக்கையோ, மேற்கையோ?"

திசை கேட்பதுபோலத்தான் கேட்டேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள், எதற்காகக் கேட்கிறார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அவர் என் காலைப் பிடித்தபடியே நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. சிரிப்புப்போல ஏதோ இருந்தது.

"நாங்கள் கோயிலுக்கு வெளியில நிண்ட ஆக்கள், அங்கிள். கிழக்கால வந்தாலும் மேற்கால வந்தாலும் வெளியிலதான்."

என் கால் பின்னால் இழுபட்டது. நானாக இழுக்கவில்லை என்று பல வருடங்களாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாருடைய கால் அது? ஒரு அங்குலம் இருக்கும். கால்களைப் பிடித்தே பிழைக்கிற ஒருவருக்கு அது தெரியாமல் போகுமா?

அவருடைய கை அப்படியே நின்றது.

"என்ர கை குளிரோ, அங்கிள்?"

"ஓம்," என்றேன். "குளிர்."

அவர் இரண்டு கைகளையும் சேர்த்துத் தேய்த்துவிட்டுத் திரும்பவும் என் காலை எடுத்தார். அதன்பிறகு ஒரு மணித்தியாலம் வேலை செய்தார். சப்பாத்தின் மெத்தை உள்ளுறையைக் கழற்றி, வெறும் பிளாஸ்ரிக் கூட்டுக்குள் காலை விட்டு, குதிக்காலுக்குப் பின்னால் இரண்டு விரல் போகிறதா என்று பார்த்தார். ஒன்று சரிவரவில்லை, இரண்டாவதும் சரிவரவில்லை. மூன்றாவது சோடியின் நான்கு பக்கிளையும் பூட்டினார்.

"முழங்காலை மடியுங்கோ. விரல் முன்னால முட்டுதோ?"

"இப்ப முட்டேல்லை."

"அதுதான் அளவு. ரெண்டு தரம் போட்டிட்டு வாங்கோ. எங்கயும் இடிச்சால் அந்த இடத்தைச் சூடாக்கித் தள்ளிவிடலாம். அதுக்குக் காசில்லை. கட்டாயம் வாங்கோ."

செவ்வாய்க்கிழமை மூன்றே தரம்தான் விழுந்தேன். ஆனால் வலது கணுக்காலின் வெளி எலும்பு சப்பாத்தில் இடித்தது. அடுத்த செவ்வாய் தோல் உரிந்தது. அதற்கு அடுத்த செவ்வாய் காலுறையில் இரத்தம். திரும்பிப் போனால் அந்தக் கைக்குத்தான் காலைக் கொடுக்கவேண்டும். போகவில்லை. மகள் காலுறையைக் கண்டுவிட்டாள்.

"கடையில கொண்டுபோய்க் காட்டினனீங்களோ?"

"காட்டினனான். ஒண்டும் செய்யேலாதாம்." பொய் சொல்லுவதற்கு எனக்கு ஒரு விநாடிகூடத் தேவைப்படவில்லை.

"ஆர் சொன்னது? அங்க ஒரு தமிழ்ப் பெடியன் நிக்கிறான் எண்டனீங்கள், அவனோ? பில்லை எடுத்து வையுங்கோ. சனிக்கிழமை நான் வாறன். முதலாளியைக் கூப்பிட்டு, அவனை முன்னுக்கு விட்டுக் கேக்கிறன்."

அவள் சொன்னால் செய்கிறவள். என்னால் அந்த மனிதர் முதலாளி முன்னால் நிற்கவேண்டி வரப்போகிறது. அவருக்கு வேலையே போகலாம். அன்றிரவு நான் படுத்தேன் என்று மட்டும்தான் சொல்லலாம்.

பெப்ரவரி 6, வெள்ளிக்கிழமை, அவள் வேலைக்குப் போனதும் சப்பாத்தைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். சொல்லவேண்டியதை வழி முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஏழு வசனம் வந்தது.

"இவ்வளவு நாளும் ஏன் வரேல்லை?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். காலுறையைக் கழற்றியதும், "உதோட சறுக்கினனீங்களோ? விசரோ, அங்கிள்?" என்றார்.

ஏழு வசனத்தில் ஒன்றுகூட வரவில்லை. வேறொன்றுதான் வந்தது.

"தம்பி, அண்டைக்கு உம்மட கை குளிரேல்லை."

"தெரியும், அங்கிள். நான் சூடாக்கிற மெசினடியில நிண்டுதான் வந்தனான்."

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. "காலைத் தாங்கோ," என்றார்.

கொடுத்தேன். இந்த முறை கால் தானாகவே அமைதியாக இருந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில், அது இழுபட்டுவிடுமோ என்ற பயத்தில் என் தொடையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் எலும்பில் பேனையால் ஒரு வட்டம் போட்டு, அதைச் சப்பாத்துக்குள் ஒற்றி எடுத்து, பின்னறைக்குள் கொண்டுபோய்ச் சூடாக்கித் தள்ளிவிட்டு வந்தார். போட்டுப் பார்த்தேன். இடிக்கவில்லை.

எழும்பும்போது இன்னொரு பிழையும் விட்டேன். ஐந்து டொலர்த் தாளொன்றை எடுத்து நீட்டினேன். ஊரில் வேலை முடித்தவர்களுக்குப் வாசல் படலையடியில் வைத்துச் சில்லறை நீட்டிய அதே மாதிரி என் கை நீண்டது. அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"உது வேண்டாம், அங்கிள். இஞ்ச ஆரும் தாறேல்லை."

மகளிடம் கடைக்காரர் திருத்தித் தந்துவிட்டார்கள் என்று சொன்னேன். முதலில் மாட்டோம் என்றதாகச் சொன்னது பொய் என்பதைச் சொல்லவில்லை. மிச்சமிருந்த மூன்று செவ்வாயும் போனேன். கடைசி நாள் ஒருமுறைகூட விழவில்லை. அதை வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன்.

என் கணக்குக் கொப்பியில் இப்படி எழுதியிருக்கிறேன்: சப்பாத்து, ஒரு சோடி மெல்லிய காலுறை, வரி, நான்கு பஸ் பயணம், மொத்தம் நூற்று ஐம்பத்தைந்து டொலர் அறுபத்தொரு சதம்.