மெட்டி மோதிரமானது

“…இதுக்கு மேல வெட்டினா எந்த விரலுக்கும் ஆகாது. அதனால நீ கையைக் கட்டிக்கிட்டு நில்லு கண்ணு. கெட்டாலும் நான் வச்ச தீயிலயே கெடட்டும்.”

ஏற்காடு பஜாரில் ஒரு பேக்கரியின் மேல்மாடியில், சனிக்கிழமை மத்தியானம் நடக்கும் வெள்ளி நகை வகுப்பில் கேட்ட பேச்சு இது. ‘கண்ணு’ என்றது எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பெண்ணை. சேலத்துக் கொலுசுப் பட்டறை வீட்டுப் பிள்ளை, பஸ் ஏறி வருவாள். சொன்னவர் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரர், செம்மநத்தம் கிராமத்து அம்மா. பள்ளிக்கூட ஹாஸ்டலில் சமையல் செய்கிறார். நான் தையல் கடையைப் பூட்டிவிட்டுப் போனது கம்மல் செய்யப் பழகத்தான். ஆனால் பாதி நாள் இவர் பேச்சைக் கேட்கவே போனேன்.

முதல் வாரம் நாங்கள் எல்லாரும் அங்கேயே வெள்ளித் தகடு வாங்கினோம். இவர் மட்டும் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு ஜோடி மெட்டியை மேஜைமேல் வைத்தார். வீட்டுக்காரர் இறந்த அன்றைக்குக் காலிலிருந்து கழற்றியது. உருக்கி மோதிரமாகப் போட்டுக்கொள்ளப் போகிறேன் என்றதற்கு, கூடவே இருக்கிற நாத்தனார் ‘ஊரு என்ன சொல்லும்?’ என்று கேட்டுவிட்டுப் பேச்சையே நிறுத்திவிட்டாராம்.

“காலுக்கு ஆகாதுன்னாங்க, கழட்டிட்டனுங்க. கைக்கு ஆகாதுன்னு யாரும் சொல்லலைங்களே?” என்றார் என்னிடம். அன்றைக்குச் சாயங்காலம் என் கடைக்கு வந்த அத்தனை பேரிடமும் அதைச் சொல்லிவிட்டேன்.

நான் இரண்டு தகட்டை வீணாக்கியிருந்தேன். அவரோ அதற்குள் மெட்டியை உருக்கி, அடித்து நீட்டி, மோதிர விரலுக்குக் கச்சிதமாக வளைத்தும் விட்டார். இனி இரண்டு முனையும் சேருகிற இடத்தில் வெங்காரம் தடவி, பற்றுப் பொடி வைத்துத் தீயில் ஒட்ட வேண்டும். அங்கேதான் தவறினார். பாத்திரத்துக்கு நேர் கீழே தீ வைத்தே பழகின கை. கேஸ் டார்ச்சை ஒட்டுகிற இடத்திலேயே பிடித்து நிறுத்திவிட்டார். முனை இரண்டும் உருண்டு சுருண்டு விலகிப்போயின. அந்த உருண்டைகளை வெட்டி, அரத்தால் ராவி, திரும்பவும் வளைத்தபோது வளையம் சுண்டு விரல் அளவுக்கு வந்து நின்றது.

“என்கிட்ட துண்டு வெள்ளி இருக்குதுங்க அக்கா, சேர்த்துக்கலாம். இல்லீனா நானாவது ஒட்டித் தர்றேன்,” என்றாள் அந்தப் பெண்.

“அவரு வாங்கிக் குடுத்தது இத்தனைதான். வேற சேர்க்க வேண்டாம்,” என்று ஆரம்பித்தவர்தான், நான் மேலே முதலில் எழுதின பேச்சில் வந்து முடித்தார்.

அவளும் நிஜமாகவே கையைக் கட்டிக்கொண்டாள். “சரிங்க அக்கா, ஒண்ணே ஒண்ணு. தோசைக்குச் சுத்தி எண்ணெய் விடுவீங்கல்ல? அந்த மாதிரி மோதிரத்தைச் சுத்தித் தீயை ஓட்டிக்கிட்டே இருங்க.”

“அட, மொதல்லயே தோசைன்னு சொல்றதுக்கென்ன? நொம்பப் படிச்ச புள்ள!”

நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் டார்ச்சைப் பற்றவைத்துவிட்டார். தீ சுற்றியது. ஹாஸ்டல் பிள்ளைகளுக்கெல்லாம் தோசை ஊற்றின மணிக்கட்டு, ஒரு இடத்திலும் நிற்கவில்லை. வளையம் மெல்லச் சிவந்தது. பொடி நீராகி, இடைவெளிக்குள் ஒரு மின்னலாக ஓடியது. உடனே தீயை எடுத்துவிட்டார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

தண்ணீரில் போட்டு எடுத்தபோது கன்னங்கரேல் என்றிருந்தது. மெருகு போட்டுத் தர வாங்க வந்த அந்தப் பெண்ணிடம் கொடுக்கவில்லை. சுண்டு விரலில் மாட்டி, அந்தக் கையை மேஜைமேல் விரித்து வைத்து, இன்னொரு கையால் தன் போனை என்னிடம் நீட்டினார்.

“ஏனுங்க, ஒரு போட்டோ எடுங்க. மூஞ்சி வேண்டாம், விரலு தெரியோணும்.”

எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்து, நாத்தனாருக்கு அனுப்பினார்.