வறண்ட ஓடை

ஒரு கோடையில் பெங்களூரிலிருந்து ஆனேக்கல் பக்கம் நிலம் அளக்கப் போயிருந்தேன். காலையில் வயிறு கலக்கவே, புதர் மறைவிலிருந்த வறண்ட ஓடைக்குள் இறங்கி மணலிலேயே உட்கார்ந்து எழுந்தேன். மூடக்கூட இல்லை.

மதியம் பக்கத்திலிருந்த ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டேன். அந்த வீட்டு அம்மாள் செம்பு நிறையக் கொடுத்தார். தித்திப்பாக இருந்ததால், கிணறு எங்கே என்று விசாரித்தேன்.

"கெணறு வத்திப்போச்சு சாமி. ஓடை மணல்ல ஊத்து தோண்டித்தான் மொள்றோம்."

செம்பு கையிலேயே நின்றுவிட்டது. சொல்லாமல் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. "இது நேத்து மொண்டது, குடிங்க. எடத்தைக் காட்டுங்க" என்று மண்வெட்டியை நீட்டினார். போய்ப் பார்த்தால், ஓடையில் ஊற்றுக்குப் பத்தடி மேற்புறமாகத்தான் காலையில் உட்கார்ந்திருக்கிறேன். மணலோடு வாரிக்கொண்டுபோய், தொலைவில் மேட்டு நிலத்தில் குழி வெட்டிப் புதைத்தேன். அவர் அன்றைய தண்ணீருக்காகக் காலிக் குடத்துடன் அடுத்த ஊருக்கு நடந்தார்.

இப்போது அளவுச் சங்கிலியோடு ஒரு களைக்கொத்தும் என் பையில் இருக்கிறது. புது ஊருக்குப் போனதும், தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். தாகமென்று நினைத்துச் செம்பை நீட்டுகிறார்கள். வாங்கிக் குடித்துவிடுகிறேன், காரணம் சொல்வதில்லை.