ரோஸ் உறை

உக்குவளைப் பாமசியில் பதினெட்டு வருஷமாக நிற்கும் ஜிப்ரியிடம் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்டவர் எவருமில்லை. டொக்டர் எழுதிய துண்டை நீட்டிவிட்டு நிறத்தைத்தான் சொல்வார்கள். பிரஷர் குளிசையைக் கம்பெனிக்காரன் ரோஸிலிருந்து வெள்ளைக்கு மாற்றியதும் ஊரே முரண்டு பிடித்தது.

"இது வேலை செய்யாது மகன், ரோஸ் குளிசை தாங்க" என்றார் ஸெய்னுலாப்தீன் ஹாஜியார்.

"ரெண்டும் ஒரே மருந்துதான் ஹாஜியார்!"

தொண்டை வற்றக் கத்தியும் பலனில்லை. கடைசியில் ஜிப்ரி அதே வெள்ளைக் குளிசைகளை ரோஸ் கடதாசி உறையில் போட்டுக் கொடுத்தார். மறுவாரம் ஹாஜியார் பூரித்துப்போய் வந்தார்.

"இதுதான் மருந்து!"

கத்திக் கத்தி ஜிப்ரிக்கும் பிரஷர் வந்துவிட்டது. வீட்டில் மனைவி றஹீமா ஒரு வெள்ளைக் குளிசையை எடுத்து நீட்டினாள்.

ஜிப்ரி வாங்கவில்லை.

"ரோஸ் உறை எங்க?" என்றார்.