தாடிக்காரரின் கசெற்றும் அண்ணாவின் கமெராவும்

மன்னார்த் தீவில் பிறந்து இத்தாலியின் பலெர்மோ மண்ணில் இளைப்பாறும் எங்கள் அன்பு அண்ணா எம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டாகிறது. அப்பாவைக் கடல் கொண்டபின் எங்கள் வீட்டைத் தாங்கியவர் அவரே. சண்டை மூண்டதும் இங்கே வந்தார். நகரின் கால்சாப் பகுதியில் ஒரு சின்யோராவின், இத்தாலிய அம்மாவின், வீட்டில் வேலை. பிறகு என்னையும் கூப்பிட்டெடுத்தார். அம்மா மட்டும் வர மறுத்துவிட்டார்.

அண்ணாவைத் தெரிந்தவர்களுக்குத் தாடிக்காரரையும் தெரியும். சின்யோராவின் மகன் வடக்கே வேலைக்குப் போனபோது எறியச் சொன்ன வீடியோ கசெற்றுகளில் இரண்டை அண்ணா எடுத்து வந்தார். அமெரிக்காவின் தென்மாநிலப் பழைய றொக் இசைக்குழு ஒன்றின் மேடைக் கச்சேரிகள் அவை. நரைத்த தாடிகள், தோள்வரை தலைமயிர், மூன்று கிற்றார். வியாழன் பின்னேர லீவில் தமிழ்ப் படம் பார்க்க அல்பெர்கேரியாப் பகுதியில் இருந்த எங்கள் அறைக்கு வரும் பெடியளின் பாடு திண்டாட்டம்தான்.

“அண்ணை, உந்தத் தாடியளை நிப்பாட்டிப்போட்டுப் படத்தைப் போடுங்கோவன்!”

“பொறடா, இந்தப் பாட்டு முடியட்டும்” என்பார். அந்தப் பாட்டு இலேசில் முடியாது.

முதல் கசெற்றில் இருந்த கிற்றார்காரர் ஒருவர் இரண்டாவதில் இல்லை. இடையில் இறந்துவிட்டாராம். அவர் வாசிக்கும் கட்டம் வந்ததும் மற்ற இருவரும் வாசிக்காமல் நிற்பார்கள். கமெரா அவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகக் காட்டும். அந்த இடத்தை அண்ணா திருப்பித் திருப்பிப் போடுவார்.

“பார் தங்கச்சி, வெறும் இடத்தைக் காட்டினா ஒண்டும் விளங்காது. பக்கத்திலை நிக்கிறவையின்ரை முகத்தைக் காட்டினாத்தான் போனவர் ஆரெண்டு தெரியும்.”

பிறகு பழைய கமெரா ஒன்றை வாங்கி எங்கள் சனத்தின் கல்யாணங்களை எடுக்கத் தொடங்கினார். என் கல்யாணத்தில், என் கணவர் மாதா கோவிலில் தாலி கட்டிய நேரம் பார்த்துக் கமெரா சனத்தின் பக்கம் திரும்பிவிட்டது. மாமியார் வீட்டில் ஒரே கொதிப்பு.

“தாலி கட்டினதைக் காணேல்லை. சனம் வாயைப் பிளந்துகொண்டு நிக்கிறதுதான் கிடக்கு!”

மன்னாரிலோ அம்மா ஜெனரேட்டரும் ரீவியும் வாடகைக்கு எடுத்து அதே கசெற்றைப் போட்டார். இங்கே பிள்ளைகள் உள்ள தாய்மார் எல்லோரும் வந்து தம் பிள்ளைகளின் முகம் பார்த்துவிட்டுப் போனார்களாம். அதைக் கேட்டு அண்ணா கெக்கட்டமிட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நுரையீரல் வருத்தம் தின்றது. சண்டையால் ஊருக்குப் பாதை பூட்டு. அம்மாவால் வர முடியாது, உடலை அனுப்பவும் வழியில்லை என்பது அண்ணாவுக்குத் தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“அம்மா என்னைப் பாக்கவேணும். கமெராவை நீ பிடி. கை நடுங்கக் கூடாது.”

அழுதால் கை நடுங்கும். அதனால் நான் அழவில்லை. பெட்டியில் அண்ணாவை எடுத்தேன். பிறகு சுற்றி நின்ற பெடியள், சின்யோரா, பிள்ளைகள் என்று ஒவ்வொரு முகமாக எடுத்தேன். “கூடப்பிறந்தவள், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை” என்று சிலர் கதைத்தது என் காதில் விழுந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தக் கசெற்றை ஆள்மூலம் அம்மாவுக்கு அனுப்பினேன். மாதங்கள் கழித்து, கொழும்பிலிருந்து வந்த ஒருவர் அம்மா தன் குரலைப் பதிந்து அனுப்பிய கசெற்றைத் தந்தார். முதலில் இருமல். பிறகு அம்மா பேசினார்.

“மகளே, அண்ணாவை வடிவாப் பாத்தன். வந்து நிண்ட பிள்ளையள் எல்லாரையும் பாத்தன். உன்னைத்தான் காணேல்லை. தேடித் தேடிப் பாத்தன். நீ அழுதனியோ? ஆரும் உன்னைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவையோ? உன்ரை முகத்தை எனக்குக் காட்டன், பிள்ளை.”

அண்ணாவை இரவு பகலாகப் பார்த்த பெடியளுக்கும், பெட்டி சுமந்தவர்களுக்கும், பூசை ஒப்புக்கொடுத்த பங்குச் சுவாமிக்கும், தன் குடும்பக் கல்லறையில் அண்ணாவுக்கு இடம் தந்த சின்யோராவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கதைத்தவர்களும் பெட்டிக்குப் பின்னால் நடந்து வந்தவர்கள்தான். அவர்களுக்கும் நன்றி.

இன்றைய ஆண்டுப் பூசையிலும் அண்ணாவின் கமெரா இருக்கும். இம்முறை அதை என் கணவர் பிடிப்பார். நான் உங்களோடு நிற்பேன். எனக்கு அழுகை வரும். அப்போது யாராவது என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள். அம்மா பார்க்க வேண்டும்.