குறட்டை நின்ற இடத்தில்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு சித்திரை மாதப் பகலில், ஆவடி சேக்காட்டுக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இது நடந்தது. நடந்தது எனக்குத்தான். ஆனால் நடக்கும்போது நான் அங்கே இல்லை. கட்டிலில் மல்லாந்து கிடந்தேன். என்னைப் பற்றி அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஒட்டி ஒட்டி வீடுகள் நின்ற எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் படுத்துவிட்டால், அந்த வீட்டு வாசல் கொண்டியில் ஒரு துண்டைத் தொங்கவிடுவார்கள். துண்டைப் பார்த்தால் கீரைக்காரம்மா கூவாமல் கூடையை இறக்குவார். பிள்ளைகள் பந்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விடுவார்கள். மிக்ஸி ஓடாது, குடம் உருளாது. எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள். ஒரு வீட்டுச் சாம்பாரை இன்னொரு வீடு சாம்பார் என்றே ஒப்புக்கொள்ளாது. ஆனால் அந்தத் துண்டுக்கு மட்டும் எல்லோரும் கட்டுப்பட்டார்கள்.

என் வீட்டுத் துண்டுக்குத் தனியாக ஒரு துணைச் சட்டமும் இருந்தது. என் குறட்டை எதிர்வீட்டு அடுப்படி வரை கேட்கும். அது கேட்கும் வரை லைன் அடங்கியிருக்கும். நின்றால் நான் விழித்துவிட்டேன் என்று அர்த்தம். உடனே எதிர்வீட்டு மிக்ஸி உறுமும், பக்கத்து வீட்டு ரேடியோ பாடும். கொஞ்ச நேரத்தில் நான் ஒரு பெரிய செருமலோடு மறுபடி ஆரம்பிப்பேன். எல்லாம் மறுபடி அடங்கும். எதிர்வீட்டு அக்கா சேக்காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். என் மனைவியைக் குழாயடியில் பிடித்துக்கொள்வார்.

"இன்னாம்மா உன் ஊட்டுக்காரரு! முயிச்சிகினாருன்னு சட்னி அரைக்கப் போனா, திரும்ப வண்டிய ஸ்டார்ட் பண்றாரு. அவரு தூங்குறாரா, சொம்மா என்னிய வச்சி வெள்ளாடுறாரா?"

லைனே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆனால் பகல் முழுக்கத் தூங்கியும் நான் தூங்காதவனாகவே எழுந்தேன். தலைக்குள் ஈரமணல் கொட்டிவைத்ததுபோல ஒரு பாரம். மெஷினுக்கு முன்னால் நிற்கும்போதே இமை சரியும். உதட்டைக் கடித்து நிமிர்வேன். ஒருநாள் காலை வீடு திரும்பும் வழியில், ரயில்வே கேட்டில் ஸ்கூட்டரை நிறுத்தி, காலை ஊன்றியபடியே தூங்கிப்போனேன். ரயில் போய், கேட் திறந்து, பின்னால் ஹாரன்கள் அலறியும் எனக்குத் தெரியவில்லை. ஒரு லாரிக்காரர் இறங்கி வந்து தோளை உலுக்கினார். "இன்னா நைனா, ஊட்ல பாய் கீய் இல்லியா?"

அதை ஒரு வேடிக்கையாகத்தான் மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. மறுநாளே என்னை பஸ்ஸில் ஏற்றி, அம்பத்தூரில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டரம்மா கேட்கக் கேட்க நான் எல்லாவற்றுக்கும் "ஒண்ணுமில்லைங்க, ஷிப்ட் வேலை" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவி கோவில்பட்டிக்காரி. பொறுத்துப் பார்த்துவிட்டு நடுவில் புகுந்தாள்.

"இவுக குறட்டை நின்னா, முழிச்சிட்டாகன்னு எதிர்த்த வீட்ல மிக்ஸி போட்டுருதாக டாக்டர். நான் போய்ப் பார்த்தா முழிச்சிருக்கவே மாட்டாக."

எழுதிக்கொண்டிருந்த டாக்டரின் கை நின்றது.

"முழிக்கலை. குறட்டையும் இல்லை. அப்ப அந்த நேரத்துல என்னதான் பண்ணிட்டிருப்பார்?"

இத்தனை வருடமாக ஒரு லைனே காது கொடுத்துக் கேட்ட சத்தம். அதைப் பற்றி இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை.

சிலருக்குத் தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொண்டு மூச்சே நின்றுபோகும் என்றார் டாக்டர். உடம்பு முழுக்க ஒயர் ஒட்டிச் சோதிக்கும் இடம் நகரத்தில் இருக்கிறது, முறை வரக் காத்திருக்க வேண்டும், அதற்குள் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள் என்றார். அவர் தூங்கும்போது பக்கத்தில் ஒரு டேப் ரெக்கார்டரை ஓடவிடுங்கள். அதோடு, சத்தம் நிற்கிற ஒவ்வொரு முறையும் நீங்களும் உங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். முடியாதபோது விட்டுவிடுங்கள். பயமாக இருந்தால் எழுப்பிவிடுங்கள். என்னைப் பார்த்து, "ஸ்கூட்டர் சாவியை இவங்க கையில குடுத்துடுங்க" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர் கிரேன் ஆபரேட்டர். அடுத்த நைட் ஷிப்ட் முடிந்து நான் வந்த காலை அவருக்கு வார விடுமுறை. பர்மா பஜாரில் வாங்கிய தன் டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரை ஒரு கைக்குழந்தையைப்போல ஏந்தி வந்து, என் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு வைத்தார். "மச்சான், நல்லா சுதி சேர்த்துப் பாடு. கேசட்டு வுட்டு வித்துரலாம்" என்றார். மனைவி துண்டைக் கொண்டியில் போட்டாள். நான் படுத்தேன்.

விழித்தபோது வெயில் ஜன்னலின் மேற்குப் பக்கம் வந்திருந்தது. எந்த வீட்டிலும் எந்தச் சத்தமும் இல்லை. கட்டிலைச் சுற்றி என் மனைவி, எதிர்வீட்டு அக்கா, கிரேன் ஆபரேட்டர் மூவரும் நின்றிருந்தார்கள். அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். 

"யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டேன்.



மனைவி ஒரு காபியை என் கையில் கொடுத்துவிட்டு டேப்பை ஓடவிட்டாள். முதலில் ஃபேன் கிறீச்சிடுவது. தூரத்தில் அரக்கோணம் பக்கம் போகும் ரயில். பிறகு நான். இரும்புத் தகட்டைச் சிமெண்ட் தரையில் இழுப்பதுபோல ஒரு சத்தம். "அடப்பாவமே" என்று சிரித்தேன். சிரிப்பு முடிவதற்குள் குறட்டை நின்றது. டேப்பில் எதிர்வீட்டு மிக்ஸி, பழக்கம் மாறாமல், உறுமத் தொடங்கியது. மனைவியின் கொலுசு வாசலுக்கு ஓடியது. "அக்கா, நிறுத்துங்க! அவுக முழிக்கல. மூச்சுதான் நிக்குது!"

மிக்ஸி அடங்கியது. அக்காவின் குரல் அறைக்குள் வந்தது. "இன்னாது, மூச்சா?" மனைவி டாக்டர் சொன்னதைச் சொன்னாள். அதன் பின்னாலேயே கிரேன் ஆபரேட்டர். "நவுருங்க, நானும் புடிக்கிறேன். நம்ம ஏரில நான் முங்குனா ஊரே தேடும். மச்சான் மூச்சு எனக்கு எம்மாத்திரம்?"

குறட்டை மறுபடி எழுந்தது, ஏறியது, அறுந்தது. மூன்று பேர் மூச்சை இழுத்து அடக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் ஃபேன் மட்டும்.

அக்காதான் முதலில் விட்டார், "யப்பா" என்று. அடுத்து என் மனைவி. ஃபேன் கிறீச்சிட்டுக்கொண்டே இருந்தது. எங்கோ ஒரு காக்கை கத்தி முடித்தது. பிறகு ஏரியில் முங்குகிறவர் இருமிக்கொண்டு வெளியே வந்தார். நான் வரவில்லை.

"மச்சான்... யோவ் மச்சான்." பரிகாசம் கழன்றுபோன குரல். "டேய், வுட்றா. மூச்ச வுட்றா டேய்!"

அதன் பிறகுதான், கிணற்றின் அடியிலிருந்து ஒருவனை முடியைப் பிடித்துத் தூக்கியதுபோல, நான் வந்தேன். பெரிய செருமல். அக்கா அழுவதும் சிரிப்பதும் ஒன்றாகக் கேட்டது. மறுபடி குறட்டை. மறுபடி அறுந்தது. கேசட் முடியும் வரை அப்படியே. வாசலில் கீரைக்காரம்மா "இன்னா ஆச்சு, பொயச்சிகினாரா?" என்று கிசுகிசுப்பதுகூடப் பதிவாகியிருந்தது. செய்தி வீடு வீடாகப் போயிருக்கிறது. அன்று பகல் எங்கள் லைனில் ஒருவரும் சட்னி அரைக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு நாடாவைப் பின்னால் ஓட்டினேன். குறட்டை அறுந்த அதே இடத்தில் நானும் மூச்சைப் பிடித்தேன். நெஞ்சு முட்டியது. காதுக்குள் ரத்தம் இரைந்தது. முடியாமல் வாயைத் திறந்து காற்றை விழுங்கினேன். நாடாவில் கிடந்த நான் இன்னும் வரவில்லை. விழித்திருந்த என்னால், தூங்கும் என்னோடு அந்த இடம் வரை போக முடியவில்லை.

அவன் எங்கே போயிருந்தான்? யார் அவனைத் திருப்பி அனுப்பியது? சோம்பேறி உடம்பு என்று நான் திட்டிக்கொண்டிருந்த இந்த உடம்பு, ஒவ்வொரு பகலும் ஒரு அடைத்த கதவை உள்ளிருந்து இடித்து இடித்துத் திறந்து, என்னை என்னிடம் கொடுத்துவிட்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறது. தூக்கத்தைக் கெடுக்கிறது என்று நான் சபித்த அந்த மிக்ஸிகூட எத்தனை பகலில் என்னைத் தட்டிக் கூப்பிட்டதோ. அன்று ஜன்னலில் தொங்கிய வெயில், பக்கத்துக் கொடியில் ஆடிய சட்டை, டம்ளரில் ஆறிப்போன காபி எல்லாம் எனக்குப் புதிதாகத் தெரிந்தன, அப்போதுதான் வந்து இறங்கியவனுக்குத் தெரிவதுபோல.

டாக்டர் கேசட்டைக் கொஞ்ச நேரம் கேட்டார். சீட்டு எழுதினார். நகரத்து மருத்துவமனையில் ஒயர் ஒட்டிப் பார்த்து உறுதி செய்தார்கள். சில மாதங்கள் போய், தொண்டை அடையாமல் காற்றை ஊதும், தும்பிக்கைபோலக் குழாய் வைத்த ஒரு கருவி வந்தது. முகத்தில் மாட்டிக்கொண்டு தூங்கிய முதல் பகலில், பொழுது சாயும்போதுதான் எழுந்தேன். தலைக்குள் மணல் இல்லை. கதவைத் திறந்தால் எதிரே அக்கா இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார்.

"கொறட்டையும் காணோம், ஒண்ணும் காணோம். நாங்க இன்னான்னு கண்டுக்கிறது? பசங்க பசியில கீதுங்க. சட்னி அரைக்கலாமா, வோணாமா?"

"அரைங்கக்கா" என்றேன்.   துண்டை நானே கொண்டியிலிருந்து எடுத்தேன்.

குவார்ட்டர்ஸை விட்டு வந்துவிட்டோம். ஆனால் பகலில் எங்காவது ஒரு கதவுக் கொண்டியில் துண்டு தொங்குவதைக் கண்டால், இன்றும் என் கால் தானாக நிற்கிறது. எனக்காக மூன்று பேர் பிடித்துக்கொண்ட மூச்சில் ஒன்றை, உள்ளே தூங்கும் முகம் தெரியாத யாருக்கோ, நானும் கொஞ்சம் பிடித்துவைத்துவிட்டுத்தான் அந்த வாசலைக் கடக்கிறேன்.