அண்ணன் பெயரில் ஒரு கட்டில்

மாமாவின் காலில் முள் ஏறியது அவருக்கே தெரியாது. அக்காதான் முதலில் கவனித்தாள். குளியலறையிலிருந்து முன்னறை வரைக்கும் தரையில் ஓரடிக்கு ஒன்றாக ஈரக்கறை, சிறிய காசு அளவில், மஞ்சளும் சிவப்பும் கலந்து. கறையைத் தொடர்ந்து போனால் மாமா நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வலது காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாள். பெருவிரலுக்கு அடுத்த விரலின் அடியில் கருவேல முள்ளின் முனை ஒடிந்து நின்றது. சுற்றிலும் தோல் வெளுத்து ஊறியிருந்தது. வலிக்கவில்லையா என்று அவள் கேட்டபோது அவர், "எங்க?" என்று கேட்டார்.

மாமா என்று நான் சொல்வது அக்காவின் கணவரை. காரிமங்கலத்தை அடுத்த ஒரு கிராமத்தில் தக்காளி போடுகிறார். சர்க்கரை நோய் வந்து பத்து வருடம் ஆகிறது. பாதத்தில் உணர்ச்சி குறைந்து எத்தனை நாள் ஆயிற்று என்று அவரும் கவனிக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

முதல் நான்கு நாள் பக்கத்துக் கிளினிக்கில் கட்டுப் போட்டார்கள். நான்காம் நாள் அந்த மருத்துவர் கட்டைப் பிரித்து, முகர்ந்து பார்த்துவிட்டு, இது இனி இங்கே முடியாது என்றார். உள்ளே சீழ் பரவுகிறது, கிழித்துச் சுத்தம் செய்ய வேண்டும், தாமதித்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரும் என்று மூன்று வாக்கியத்தில் சொன்னார். எழுந்து வரும்போது, "கார்டு இருக்குதுங்களா?" என்று ஒரு கேள்வி கேட்டார். அந்த மூன்று வாக்கியத்தையும் விட்டுவிட்டு இந்தக் கேள்வியை மட்டும் எல்லோரும் வீட்டுக்கு எடுத்துவந்தோம்.

கார்டு என்பது அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை. அது இருந்தால் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் அறுவை சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. மாமாவின் அண்ணன் குடும்பத்துக்கு அது இருக்கிறது. மாமாவுக்கு இல்லை. நிலத்தைப் பாகம் பிரித்தபோது ரேஷன் கார்டையும் பிரித்தார்கள். பழைய குடும்ப அட்டையோடு காப்பீடும் அண்ணன் பக்கம் போயிற்று. அதன் பிறகு ஊரில் இரண்டு முறை முகாம் நடந்தது. திடமாக இருக்கிற மனுஷன் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுக்க முன்கூட்டியே எழுதிக்கொடுக்க வேண்டுமா, அதெல்லாம் நோயைக் கூப்பிட்டு வைப்பது என்று மாமா இரண்டு முறையும் தோட்டத்தை விட்டு வரவில்லை.

இப்போது வருமானச் சான்று வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் இரண்டு ஊர்களுக்குப் பொறுப்பு. இங்கே இருந்தால் அங்கே இல்லை. சேவை மையத்தில் விண்ணப்பம் ஒருமுறை ஆதாரில் உள்ள முகவரி பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. நான் தருமபுரியில் ஒரு நாளிதழுக்கு இருபது வருடமாகச் செய்தி அனுப்புகிறவன். தாலுகா அலுவலகத்தில் தெரிந்தவர்களுக்குத் தொலைபேசியில் பேசினேன். பேசியதெல்லாம் சான்றிதழைப் பற்றி. காலைப் பற்றி யாரிடமும் நான் கேட்கவில்லை. இப்படி ஆறு நாள் போயிற்று.

அரசு மருத்துவமனைக்குப் போகலாமே என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை என்று இல்லை. அண்ணன் மனைவி, அதாவது அக்காவின் ஓரகத்தி, முதல் நாளே சொன்னாள். அதற்கு இரண்டு பதில்கள் தயாராக இருந்தன. அங்கேயும் கார்டு கேட்பார்கள் என்பது ஒன்று. அங்கே போனால் காலை எடுத்துவிட்டுத்தான் மறுபேச்சு என்பது இன்னொன்று. ஊரில் இப்படிக் கால் போன ஒருவரை எல்லோருக்கும் தெரியும். அவர் எத்தனை நாள் கழித்து அங்கே போனார் என்பது யாருக்கும் தெரியாது.

பதினோராம் நாள் அண்ணன் தன் அட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். ஆதாரையும் கூடவே கொண்டுவந்திருந்தார். பாகப் பிரிவினைக்குப் பிறகு வரப்புத் தகராறில் இரண்டு வருடம் தம்பியோடு பேசாமல் இருந்தவர். மேசை மேல் இரண்டையும் வைத்து, "என் பேர்ல போய்ப் படுடா. யாரு பாக்கப் போறாங்க?" என்றார்.

பார்த்தால் தெரியாது என்பது உண்மை. ஒரே நெற்றி, ஒரே மீசை, ஒரே வழுக்கை. அட்டையில் இருந்த படம் பழையது. அது யாருடையது என்று அவர்களுக்கே சந்தேகம் வரும். அன்று மாலை முன்னறையில் ஒத்திகை நடந்தது. மாமா அண்ணனின் பிறந்த தேதியை ஒப்பித்தார். தந்தை பெயர் இருவருக்கும் ஒன்றுதான் என்பதில் ஒரு நிம்மதி. ஓரகத்தி கதவோரம் நின்று சிரித்தாள். "இத்தினி வருசமா அண்ணன் பேச்ச கேக்காதவரு, இப்ப அண்ணனாவே ஆயிட்டாரு. வரப்பு யாருதுன்னு இனிமே எப்படி சண்ட போடுவீங்க?"

நானும் சிரித்தேன். அது ஆள்மாறாட்டம் என்று எனக்குத் தெரியும். வேறு யாராவது செய்து பிடிபட்டிருந்தால் செய்திக்கு என்ன தலைப்பு வைப்பேன் என்றும் தெரியும். இருந்தாலும் நாளைக் காலை கார் ஏற்பாடு செய்வதாகச் சொன்னேன். மாமாவின் பாதத்தில் இரண்டு விரல்கள் கறுத்திருந்தன.

அந்தக் கூடத்தில் பேசாமல் இருந்தது அக்கா மட்டும்தான். அதற்கு யாரும் காரணம் தேடவில்லை. மூத்தார், அதாவது கணவரின் அண்ணன், இருக்கும் இடத்தில் அவள் அதிகம் பேசுவதில்லை. அவர் பெயரையும் சொல்ல மாட்டாள். கணவர் பெயரை வங்கியிலும் பள்ளியிலும் தயங்காமல் சொல்கிறவள்தான். மூத்தார் பெயர் வேறு விஷயம். அந்தப் பெயர் எழுதிய தனியார் பேருந்து ஒன்று எங்கள் பாதையில் ஓடுகிறது. ஊரே அதைப் பெயர் சொல்லி அழைக்கும். அக்கா அதைப் "பத்து மணி வண்டி" என்பாள்.

மறுநாள் காலை நகரத்தில் அந்தத் தனியார் மருத்துவமனைக்குப் போனோம். அண்ணன் வரவில்லை, இருவரையும் ஒன்றாகப் பார்த்தால் கேள்வி வரும் என்பது ஏற்பாடு. மாமா சக்கர நாற்காலியில் இருந்தார். காப்பீட்டுக்கென்று தனி மேசை. அங்கே இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். அட்டையைப் பார்த்தாள், ஆதாரைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். எல்லாம் சரி என்பதுபோல் தலையை அசைத்தாள். பிறகு ஒரு படிவத்தை அக்காவின் பக்கம் திருப்பி, நோயாளி உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டாள்.

"எங்க வூட்டுக்காரருங்க."

"பேரு சொல்லுங்கம்மா."

அக்கா பேசவில்லை. மாமா நாற்காலியில் அசைந்தார். நான் பேசியிருக்கலாம். 

அந்தப் பெண் இதை வேறுவிதமாகப் புரிந்துகொண்டாள். கணவர் பெயரைச் சொல்லத் தயங்குகிற பெண்களைத் தினமும் பார்க்கிறவள் போலிருக்கிறது. கனிவாகச் சிரித்து, அட்டையில் இருந்த பெயரை அவளே வாசித்தாள். "இவங்கதான உங்க வீட்டுக்காரரு? நீங்க பேர சொல்ல வேணாம்மா. ஆமான்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

அக்கா அந்த அட்டையைப் பார்த்தாள்.

"இல்லீங்க," என்றாள். "அது எங்க மூத்தவங்க."

மேசைக்குப் பின்னால் அச்சு இயந்திரம் ஒரு தாளை முழுதாக வெளியே தள்ளியது. அந்தப் பெண் சத்தம் போடவில்லை. பின்னால் திரும்பி யாராவது கேட்டார்களா என்று பார்த்தாள். அட்டையையும் ஆதாரையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அக்காவின் கைக்குள் தள்ளினாள். கார்டு இல்லாமல் இங்கே செய்தால் என்ன ஆகும் என்று ஒரு தொகையைச் சொன்னாள். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஜிஎச்சுக்குப் போங்க. இன்னைக்கே போங்க" என்றாள்.

காரில் மாமா கத்தினார். ஒரு தலையாட்டலில் முடிந்திருக்கிற வேலை என்றார். காலை விடப் பெரியதா உனக்கு அது என்றார். அக்கா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது திரும்பினாள்.

"நான் அவங்கள என் புருசன்னு சொல்லணும். சரி, அத கூட முழுங்கிட்டேன்னு வெச்சிக்க. உள்ள போயி உனக்கு எதாச்சி ஆயிருந்தா? செத்தது யாருன்னு எழுதுவாங்க? மூத்தவங்க பேருல சர்டிபிகேட் குடுப்பாங்க. அவங்க வூட்டு அக்கா கழுத்துல தாலியோட நிக்கும், பேப்பர்ல தாலி இருக்காது. எனக்கு நீ செத்ததுக்கு ஒரு காயிதமும் இருக்காது. இத ரெண்டு நாளா நெனச்சி பாத்தீங்களா, ஒருத்தராச்சும்?"

கடைசிக் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான். கோபம் வந்தால் அக்கா மாமாவை ஒருமையில் பேசுவாள். பன்மைக்கு மாறியபோது என்னைப் பார்த்தாள். ஓட்டுநர் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கேட்டார். அரசு மருத்துவமனைக்கு என்று அவளே சொன்னாள்.

அங்கே வரிசை நீளம். சீட்டு வாங்க ஒரு வரிசை, பார்க்க ஒரு வரிசை. அக்கா பையிலிருந்த ரேஷன் கார்டு, ஆதார், திரும்பி வந்த விண்ணப்பத்தின் நகல் எல்லாவற்றையும் கையில் எடுத்து வைத்திருந்தாள். முறை வந்தபோது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நீட்டினாள். அறுவை சிகிச்சைப் பிரிவில் இருந்தவர் ஒரு பெண் மருத்துவர். அவர் காகிதங்களைத் தொடவில்லை.

"எத்தன நாளாச்சு?"

"பன்னெண்டு நாளுங்க. கார்டு இல்லீங்க, அதான் லேட்டு."

"கார்ட நாங்க கேட்டமா? கால காட்டுங்க."

சீட்டில் பெயர் எழுத வேண்டியிருந்தது. மாமா தன் பெயரைச் சொன்னார். கொஞ்சம் உரக்கவே சொன்னார். வயதும் சொந்த வயது. அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, இன்சுலின், பிற்பகலில் அறுவை அரங்கு. கறுத்த இரண்டு விரல்கள் போயின. சீழ் பாதத்தின் நடுவரை போயிருந்தது. கிழித்துத் திறந்து சுத்தம் செய்தார்கள். இரண்டு மருந்துகளை வெளியே வாங்கிவரச் சொன்னார்கள். வார்டில் கட்டில் கிடைத்தது; தலையணையை நாங்கள் கொண்டுபோனோம்.

வீக்கமும் சிவப்பும் கணுக்காலுக்கு மேலே நின்றிருந்தன. அந்தச் சிவப்பு முடியும் இடத்தில் மருத்துவர் நீலப் பேனாவால் காலைச் சுற்றி ஒரு கோடு போட்டார். அக்காவைக் கூப்பிட்டு விளக்கினார். சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டி மேலே போய்க்கொண்டே இருந்தால் கால் இருக்காது, இறங்கினால் இருக்கும். அப்படித் தாண்டினால் காலை எடுக்கச் சம்மதம் என்று அக்கா கையெழுத்துப் போட்டாள்.  நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

இரண்டு நாள் சிவப்பு கோட்டிலேயே நின்றது. மூன்றாம் நாள் காலை அக்கா போர்வையை விலக்கியபோது அது கோட்டை அரை விரல் தாண்டியிருந்தது. மருத்துவர் வந்து பார்த்தார். சீழ்ப் பரிசோதனை முடிவைப் பார்த்து மருந்தை மாற்றினார்.  மாமா அன்று முழுதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

அன்று வார்டு வராந்தாவில் நின்றபோது ஒன்றை யோசித்தேன். காப்பீட்டு அட்டை முகாம் எங்கே, என்றைக்கு, என்னென்ன ஆவணம் வேண்டும் என்று இத்தனை வருடத்தில் எத்தனையோ முறை எழுதி அனுப்பியிருக்கிறேன். அட்டை இல்லாதவரும் அரசு மருத்துவமனைக்கு நேரே போகலாம், கால் அழுகும்போது காகிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம் என்று ஒரு வரி எழுதியதில்லை. அது புதிய அறிவிப்பு அல்ல, எப்போதும் இருப்பது. எப்போதும் இருப்பதைச் செய்தி என்று நாங்கள் எண்ணுவதில்லை. எங்கள் அக்கா வீட்டிலேயே அது போய்ச் சேரவில்லை.

வருமானச் சான்று நான்காம் நாள் கைப்பேசிக்கு வந்தது. மருத்துவமனையிலேயே காப்பீட்டுக்கு ஓர் அறை இருந்தது. அங்கிருந்தவர், இனி அட்டை எடுத்துவிடலாம், பின்னால் தோல் வைத்துத் தைக்கும்போது உதவும் என்றார். குடும்ப உறுப்பினர்கள் யார் யார் என்று கேட்டார். அக்கா எல்லோர் பெயரையும் நிதானமாகச் சொன்னாள்.

ஐந்தாம் நாள் மருத்துவர் காலையில் வந்து போர்வையை விலக்கினார். சிவப்பு கோட்டுக்குக் கீழே இரண்டு விரல்கடை இறங்கியிருந்தது. தோலில் சுருக்கம் விழுந்திருந்தது. வீக்கம் வடிகிற அடையாளம் அது என்றார். காலை அழுத்திப் பார்த்தார், கணுக்காலைத் திருப்பிப் பார்த்தார். புண் ஆற மாதக்கணக்கில் ஆகும், மறுபடி சுத்தம் செய்ய வேண்டிவரும், நடை கொஞ்சம் மாறும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, "கால் இருக்கும்" என்றார். பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து அந்தக் கோட்டைத் துடைத்தார். முழுதாகப் போகவில்லை. அதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அக்கா போர்வையை இழுத்து மூடினாள். கொஞ்ச நேரம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம், கேண்டீனில் பொங்கல் இருந்தால் மூன்று பொட்டலம் வாங்கி வரச் சொன்னாள். மாமாவுக்குப் பொங்கல் கூடாது என்றேன். அவருக்கு இட்லி, பொங்கல் மூன்றும் தனக்கும் எனக்கும் என்றாள்.

நான் திரும்பி வந்தபோது இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தக்காளியின் மூன்றாம் பறிப்புக்கு யாரைக் கூப்பிடுவது என்பது பிரச்சினை. மாமா ஒரு பெயர் சொன்னார். அந்த ஆள் காயைப் பழத்தோடு சேர்த்துப் பறிக்கிறவன் என்றாள் அக்கா. பக்கத்துக் கட்டில்காரர் கண்ணை மூடிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.