நல்ல நேரத்தில் தொலைந்த மெயில்

என் பொறுப்பில் நாற்பத்து மூன்று டொமைன் பெயர்கள் இருக்கின்றன. பெரும்பாலும் அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறைகளுடையவை. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு பட்டியல் உண்டு. இணையதளம் எந்தக் கணினியில் இருக்கிறது, மெயில் எந்தக் கணினிக்குப் போக வேண்டும் என்று வெளி உலகத்துக்குச் சொல்லும் பட்டியல். டி.என்.எஸ். என்பார்கள். நாளிதழில் பிழை வந்தால் காலை ஆறு மணிக்கே வாசகர் கூப்பிட்டுத் திட்டுவார். இங்கே ஒரு வரி விடுபட்டால் யாரும் கூப்பிடுவதில்லை. மெயில் வராது, அவ்வளவுதான். வராத ஒன்றை யார் கவனிக்கிறார்கள்?

அந்தப் புதன்கிழமை மாட்டியது ஸ்பிரிங் செய்யும் பட்டறை ஒன்று. உரிமையாளர் அயனம்பாக்கத்துக்காரர். அவருடைய மனைவியின் தம்பி ஐ.டி. வேலையில் இருப்பவர், ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து புதிய இணையதளம் ஒன்றைச் செய்து கொடுத்திருந்தார். புதிய தளம் வேறு நிறுவனத்தின் கணினியில் இருந்ததால் பட்டியலையும் அங்கே கொண்டுபோக வேண்டும். பழைய பட்டியலை நான் படியெடுத்து அனுப்புவது, அதை மச்சான் புது இடத்தில் ஏற்றுவது, அதன் பிறகே பெயரை அங்கே திருப்புவது என்று பேசி வைத்திருந்தோம். என் பட்டியல் வரும்வரை எதையும் தொட வேண்டாம் என்று எழுத்திலும் அனுப்பியிருந்தேன்.

அன்று நல்ல நேரம் ஒன்பதே காலிலிருந்து பத்தே கால் வரை என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

பதினோரு வருடம் பத்திரிகையில் துணையாசிரியராக இருந்த பழக்கம், எதையும் இரண்டு முறை எழுத்தெழுத்தாகப் படிக்காமல் அனுப்ப மாட்டேன். கள்ளிக்குப்பம் வீட்டில் உட்கார்ந்து அப்படியே படித்து, பத்து நாற்பதுக்குப் பட்டியலை அனுப்பினேன். மச்சான் பத்து பன்னிரண்டுக்கே பெயரைத் திருப்பிவிட்டு, ஆபீசுக்குள் போய்விட்டிருந்தார். பட்டறையில் கற்பூரம் காட்டித் தேங்காயும் உடைத்தாகிவிட்டது. புது இடத்தில் இணையதளத்துக்கான வரி இருந்தது. மெயிலுக்கான வரி இல்லை.

சைட் அருமையாகத் திறந்துவிட்டது என்று சொல்ல உரிமையாளர் கூப்பிட்டபோதுதான் இவ்வளவும் தெரிந்தது. அதே பேச்சில் இன்னொன்றும் சொன்னார். ஓசூரில் ஒரு கம்பெனி புதிய ஸ்பிரிங்குக்கான திருத்திய வரைபடத்தை அன்று மெயிலில் அனுப்பும். பார்த்துவிட்டு, செய்ய முடியும் என்று ஐந்து மணிக்குள் பதில் போட வேண்டும். இல்லையென்றால் வேலை பாடி பக்கம் இருக்கும் வேறு பட்டறைக்குப் போய்விடும். ஐந்து மாதமாக அவர் அலைந்து பிடித்த வேலை அது.

உங்களுக்கு மெயில் வராது என்றேன். அவர் தன் போனிலிருந்து கம்பெனி முகவரிக்கு ஒரு மெயில் போட்டுப் பார்த்தார்.

"வந்துகினுதான் கீது மேடம். சும்மா பயமுறுத்தாதீங்க."

வரத்தான் செய்யும். பட்டியல் மாறிய செய்தி உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் போய்ச் சேராது. வெளியூர்ப் பதிப்பை வாங்கியவர் கையில் பழைய தலைப்பு, நகரப் பதிப்பை வாங்கியவர் கையில் புதிய தலைப்பு இருக்குமே, அப்படி. அவருடைய போன் இன்னும் பழைய பட்டியலில் இருந்தது. ஓசூர் எந்தப் பட்டியலில் இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? இதை மூன்று விதமாக விளக்கிவிட்டு, போனில் ஆகாது என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பினேன்.

புது இடத்தின் பாஸ்வேர்ட் மச்சானிடம் மட்டும் இருந்தது. அவருடைய ஆபீசுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் லாக்கரில் வைத்துவிட வேண்டும். டீ குடிக்க வெளியே வந்தால்தான் பிடிக்கலாம். அதுவரை பெயரைப் பழைய இடத்துக்கே திருப்பிவிடலாம், பழைய சைட்தான் தெரியும், பெயரைத் திருப்பும் பாஸ்வேர்ட் என்னிடமும் இருக்கிறது என்றேன். உரிமையாளர் முகம் மாறிவிட்டது. நல்ல நேரத்தில் திறந்ததை அன்றைக்கே மூடுவதா? கல்லாவுக்கு மேலிருந்த சாமி படத்தைப் பார்த்தார். மேற்கொண்டு பேச இடமில்லை.

சரி, ஓசூரைக் கூப்பிட்டு உங்கள் சொந்த மெயில் முகவரிக்கு அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். அதற்கும் தலையாட்டவில்லை. கம்பெனி பெயரில் மெயில் இல்லாதவனைப் பெட்டிக்கடைக்காரன் என்று நினைப்பார்களாம்.

மூன்று மணிக்கு மேல் மச்சான் ஆபீசுக்கு வெளியே வந்து கூப்பிட்டார். "மாமா, பத்தே காலு தாண்டக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்பதுதான் அவருடைய முதல் வாக்கியம். போனை வாங்கி, மெயில் வரியை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். திருப்பிப் படிக்கச் சொன்னேன். ஓர் இடத்தில் புள்ளியை விட்டிருந்தார். திருத்தினார். ஆனாலும் மெயில் எங்கே போக வேண்டும் என்று ஏற்கெனவே கேட்டு, இல்லை என்ற பதிலை வாங்கிப்போன வெளிக் கணினிகள், அந்தப் பதில் காலாவதியான பிறகுதான் மறுபடி கேட்கும். ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ ஆகலாம். உட்கார்ந்திருந்தோம்.

நாலேகாலுக்கு ஓசூரிலிருந்து போன் வந்தது. உரிமையாளர் ஸ்பீக்கரில் போட்டார். ஒரு பெண் குரல்.

"சார், ரெண்டு தடவை மெயில் போட்டோம், ரெண்டும் திரும்பி வந்துடுச்சு. கம்பெனி நடக்குதா, மூடிட்டீங்களா?"

அவர் ஸ்பீக்கரை அணைத்தார். ஆட்களையும் என்னையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கதவைத் தாண்டி லோடு ஆட்டோ நிற்கும் இடம்வரை போனார். அங்கே நின்று தாழ்ந்த குரலில் தன் சொந்த முகவரியைச் சொன்னார். சத்தத்தில் அந்தப் பக்கம் கேட்கவில்லை போலிருக்கிறது; திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது, கடைசியில் கத்தினார். இளவயதில் போட்ட முகவரி. அவருடைய செல்லப்பெயர், அதற்குப் பின்னால் 'மாஸ்', அதற்குப் பின்னால் பைக் நம்பர். கம்பியைச் சுற்றும் காயில் மெஷினில் இருந்தவர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஓனருக்குள்ள இன்னா ஒரு ஆளு பாரேன்" என்றார், பக்கத்தில் இருந்தவரிடம்.

நாலரைக்கு வரைபடம் வந்தது. உரிமையாளர் அதைப் பார்த்து, கம்பியின் தடிமனைப் பற்றி ஒரு கேள்வி கேட்டு, செய்ய முடியும் என்று நாலு ஐம்பதுக்குப் பதில் போட்டார். வேலை அவருக்கே கிடைத்தது. ஐந்தரைக்குக் கம்பெனி முகவரியிலும் மெயில் வர ஆரம்பித்தது.

ஓசூர்க்காரர்கள் அன்றிலிருந்து 'மாஸ்' முகவரிக்கு மட்டும்தான் எழுதுகிறார்கள். அதுதான் திரும்பி வராத முகவரி என்று குறித்து வைத்திருக்கிறார்களாம். கம்பெனி முகவரி நன்றாக வேலை செய்கிறது என்று அவரும் இரண்டு முறை எழுதிப் பார்த்துவிட்டார். நான் மாதத்துக்கு ஒருமுறை அந்த மெயில் வரியைச் சரிபார்க்கிறேன். புள்ளி உட்பட எல்லாம் சரியாக இருக்கிறது.